மூன்று நாற்காலிகள்

நீதிபதி பெண்ணாக இருந்தால் தீர்ப்பு மாறுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு கோஷ்டிகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. சட்டத்துக்கு ஆண் பெண் பேதம் கிடையாது என்கிறது ஒரு கோஷ்டி. தாய் மனம் தனி என்கிறது மற்றது. இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன; ருசுதான் இல்லை.

அமெரிக்காவில் கிறிஸ்டினா பாய்ட், லீ எப்ஸ்டீன், ஆண்ட்ரூ மார்ட்டின் என்ற மூன்று அரசியல் விஞ்ஞானிகள் 2010ல் வெளியிட்ட ஒரு கட்டுரை அந்த ருசுவைத் தேடிப் புறப்படுகிறது. அந்நாட்டு ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகளில் வழக்கமாக மூன்று நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து வழக்கைக் கேட்கிறார்கள். யாரோடு யார் உட்காருவது என்பது ஏறக்குறையச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற காரியம். ஆகவே ஒரே மாதிரியான வழக்குகளையும் ஒரே மாதிரியான நீதிபதிகளையும் பொறுக்கி எடுத்து, ஆண், பெண் என்ற வித்தியாசம் மட்டும் மிஞ்சும்படி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடிகிறது. 13 வகை வழக்குகளை அப்படிப் பார்த்தார்கள்.

12 வகைகளில் நிலையான வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. தாய் மனக் கோஷ்டிக்கு இது ஏமாற்றம். ஆனால் ஆண், பெண் என்பதை வைத்துப் பாரபட்சம் காட்டினார்கள் என்று தொடரப்படும் வழக்குகளில் வித்தியாசம் இருந்தது. நீதிபதி ஆணாக இருந்தால், புகார் செய்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு சுமார் 10 சதவிகிதப் புள்ளிகள் குறைகிறது. இது மற்றக் கோஷ்டிக்கு ஏமாற்றம். இரண்டு கட்சிக்கும் சங்கடம் தரும் ஆராய்ச்சியைக் கொஞ்சம் நம்பலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இதே வழக்குகளில், பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், ஆண் நீதிபதிகளும் புகார் செய்தவர் பக்கம் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகச் சாய்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு இங்கேதான் காது நிமிர்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் பேசினார்களே, அங்கே என்ன நடந்தது? சகாவின் மனம் கோணக் கூடாது என்ற தாட்சண்யமா? அப்படியானால் அது 13 வகையிலும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தெரிவானேன்? ஆகவே இது தாட்சண்யமல்ல, அந்தப் பெண் கொண்டுவரும் தகவலின் பலன் என்பதோடுதான் தங்கள் கணக்குப் பொருந்துகிறது என்கிறார்கள் ஆசிரியர்கள். தர்க்கம் கெட்டியானது.

ஆனால் 'தகவல்' என்ற சொல் எனக்குப் போதவில்லை. தகவல் வழக்குக் கட்டிலேயே இருக்கிறது. அதை மூவரும் படித்திருக்கிறார்கள். 2009ல் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. அரிஸோனாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், வலி மாத்திரை வைத்திருக்கிறாள் என்ற சந்தேகத்தில் 13 வயதுப் பெண்ணின் உடைகளைக் களையச் சொல்லிச் சோதனை போட்டிருந்தார்கள். விசாரணையின்போது ஆண் நீதிபதிகள் சிலர் அதை லேசாக எடுத்துக்கொண்டு பேசினார்கள். அப்போது கோர்ட்டில் இருந்த ஒரே பெண் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். தம் சகாக்கள் ஒருநாளும் 13 வயதுப் பெண்ணாக இருந்ததில்லை என்று அவர் வெளியிலும் சொன்னார். சோதனை சட்டவிரோதம் என்று எட்டுப் பேர் ஒருபுறமாகவும் ஒருவர் மறுபுறமாகவும் தீர்ப்பாயிற்று. அவர் சொன்னதால்தான் அப்படி ஆயிற்று என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் கொடுத்தது தகவலா? அந்தப் பெண்ணின் வயது எல்லோருக்கும் தெரியும். அந்த வயதில் அந்த அறையில் நிற்பது எப்படியிருக்கும் என்பதுதான் தெரியாது. கணக்கு இந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறது, உள்ளே போகவில்லை. போக வேண்டும் என்று கேட்பதும் நியாயமல்ல.

என் கவலை வேறு. அந்த நாற்காலிக்குப் பெண் எப்படி வந்தாள்? ஸுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி ஸான்ட்ரா டே ஓ'கானர், 1952ல் சட்டம் படித்து முடித்தபோது, வக்கீலாகச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. காரியதரிசி வேலைக்கு வருகிறாயா என்றார்கள். பிறகு அரிஸோனா செனட்டில் பெரும்பான்மைக் கட்சிக்குத் தலைவியானார். 1980 தேர்தலில் ரேகன் ஒரு பெண்ணை நியமிப்பதாக வாக்களித்தார், 1981ல் நிறைவேற்றினார். கோர்ட்டின் கதவைத் திறந்தது தேர்தல்தான்.

வாக்குறுதியில் பிறந்த பதவிக்கு உடனே கணக்குக் கேட்கிறார்கள்: பெண் வந்ததால் என்ன லாபம்? ஆராய்ச்சி பத்துப் புள்ளி என்று எடுத்துக் கொடுக்கிறது. நல்லது. நாளை வேறொருவர் கணக்குப் போட்டு, அந்த ஒரு வகையிலும் வித்தியாசமில்லை என்று காட்டினால்? அன்று அவள் எழுந்து போய்விட வேண்டியதுதானா? 1981 வரை அந்தக் கோர்ட்டில் ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்தார்கள். அவர்களால் என்ன லாபம் என்று எந்தப் பேராசிரியரும் எண்ணிப் பார்த்ததில்லை. இது ஆசிரியர்களின் குற்றமல்ல. தங்கள் வேலையை நாணயமாகச் செய்திருக்கிறார்கள். அவர்கள் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் இதை நினைவில் வைக்க வேண்டும். தீர்ப்பு மாறுவது ஆராய்ச்சிக்குரிய விஷயம். நாற்காலி அவளுக்கு உரியது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.