வழுவோ, வழுவமைதியோ?
கோல்றிட்ஜ் ஆண்ட ஒரு பழஞ்சொல்

கோல்றிட்ஜ் இயற்றிய 'முதிய மாலுமி' என்னும் கதைப்பாட்டு, வேட்ஸ்வேத்தின் பாடல்களோடு சேர்ந்து 1798ஆம் ஆண்டில் 'லிறிக்கல் பலட்ஸ்' என்னுந் தொகுதியில் வெளிவந்தது. பழங்கதைப் பாடல்களின் சாயல் தோன்றுதற்பொருட்டு வழக்கொழிந்த சொற்கள் பல அதில் ஆளப்பட்டிருந்தன. 1800ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றுட் பலவற்றைக் கவிஞரே களைந்தார். களையப்படாது நின்றவற்றுள் ஒன்று, கதிரவன் எழுந்தமை கூறும் 'அப்றிஸ்ற்' என்பதாகும்.

இச்சொல்லின் வரலாறு சிக்கலானது. 'அப்' என்பது மேல் என்னும் பொருட்டு. 'றிஸ்ற்' என்பதோ, எழுதலை உணர்த்தும் 'றைஸ்' என்னும் வினையடியாகப் பிறந்தது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞராகிய சோசர் காலத்து ஆங்கிலத்தில் 'றிஸ்ற்' என்பது 'எழுகின்றான்' என்னும் நிகழ்கால வினைமுற்றின் குறுகிய வடிவமாகும். 'அப்றிஸ்ற்' என்பதை ஞாயிற்றின் எழுச்சியைக் குறிக்கும் பெயராகவும் சோசர் தம் 'வீரன் கதை'யில் ஆண்டுள்ளார். இறந்தகால வடிவம் வேறு. ஆகவே, நடந்து முடிந்த கதையிடையே 'எழுந்தான்' என்னும் பொருளில் இச்சொல்லை வைத்தமை இலக்கண வழு என்பர் ஒருசாரார். மூடுபனியைக் குறிக்கும் 'மிஸ்ற்' என்னும் சொல்லோடு இயைபு வேண்டியே கவிஞர் இடறினர் என்பதும் அவர் கருத்து.

இயைபு நோக்கியமை மறுத்தற்கரியது. ஆயினும் அஃதொன்றே காரணமெனல் பொருந்தாது. தம் பாட்டை மீண்டும் மீண்டும் திருத்திய ஒருவர் இதனை இறுதிவரை விட்டுவைத்தார். மேலும், இப்பாட்டிற் காலங்கள் மயங்கி வருதல் புதிதன்று. ஞாயிறு மறைய விண்மீன்கள் தோன்றி இருள் சூழுங் காட்சி நிகழ்காலத்திலேயே கூறப்பட்டுள்ளது. விரைவு முதலிய காரணங்களாற் காலம் பிறழ்ந்து வருதலை நன்னூலாரும் அமைத்துக்கொண்டனர். மறைவுக்குப் பொருந்திய அமைதி எழுச்சிக்குப் பொருந்தாதோ?

இனி, சொல் நின்ற இடத்தை நோக்குதல் வேண்டும். கப்பல் தெற்கே செல்லுங்கால் கதிரவன் இடப்புறத்தே எழுகின்றான். வடக்கே திரும்பியபின் வலப்புறத்தே பனியுள் மறைந்து எழுகின்றான். இவ்விரு முறையும் எளிய அன்றாடச் சொற்களே வருகின்றன. அல்பற்றோஸ் என்னும் பறவையை மாலுமி கொன்றதனாற் காற்று நின்றுவிடும் என்று முதலிற் பழித்த தோழர், பனி நீங்கிக் கதிரவன் ஒளியோடு தோன்றக் கண்டதும், கொன்றது நன்றே என்று புகழ்கின்றனர். இம்மூன்றாம் எழுச்சிக்கே 'அப்றிஸ்ற்' வருகின்றது. இப்புகழ்ச்சியால் அவர்களும் அக்குற்றத்திற்கு உடந்தையாயினர் என்று 1817ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்ட ஓரக்குறிப்புக் கூறும். விண்ணிற் கதிர் எழுந்த அக்கணத்திலேயே கப்பலில் அறம் வீழ்ந்தது.

அவ்விடத்திற் கதிரவனுக்கு இறைவனின் தலை உவமையாயிற்று. 'றிஸ்ற்' என்பதற்கு இனமாகிய 'ஆறிஸ்ற்' என்னும் பழைய ஆங்கிலப் பெயர், துயிலெழுதலோடு இறந்தோர் உயிர்த்தெழுதலையும் குறித்தது. கவிஞர் இதனை அறிந்தே ஆண்டார் என்று சாதித்தல் வேண்டா. அன்றாடச் சொல் தாங்கமாட்டாத பெருமிதத்தை அப்பழஞ்சொல் தாங்கி நிற்றலே போதிய சான்றாம்.

பயனை மட்டும் நோக்கிச் செயலை நல்லதென்றனர் மாலுமியின் தோழர். வடிவை மட்டும் நோக்கிச் சொல்லைத் தீயதென்பாரும் அவரைப்போலவே அவசரத் தீர்ப்பாளராவர். ஒரு சொல்லை வழுவென ஒதுக்குமுன் அது நின்ற இடத்தையும் அவ்விடத்து அது செய்யும் தொழிலையும் ஆராய்தலே திறனாய்வாளர் கடனாகும்.