சிதைந்த விரல்களும் செறிந்த இசையும்

இளையோர் விரும்பிக் கேட்கும் இசையைப் பற்றித் தீர்ப்பு வழங்குவது எளிது. அதைப் பொறுமையோடு செவிமடுப்பது அரிது. ராக் இசை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், கூச்சல், போதை, ஒழுக்கக்கேடு என்று மூன்றே சொற்களில் வழக்கை முடித்துவிடும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்களது அச்சம் முற்றிலும் அடிப்படையற்றது என நாம் கூற மாட்டோம். ஆயினும், கேளாமல் வழங்கும் தீர்ப்பு நீதியாகாது. ஆகவே, பெயரினாலேயே பெரிதும் பழிக்கப்பட்ட ஓர் இசைக்குழுவையும், அதன் ஒலியை உருவாக்கிய ஒரு தொழிலாளியையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம். குழுவின் பெயர் 'பிளாக் சபாத்'. அந்தத் தொழிலாளி, ஆசானின்றிக் கிதார் பயின்ற டோனி அயோமி.

ஆலையில் நேர்ந்தது

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1948-ஆம் ஆண்டு பிறந்தவர் அயோமி. அவர் வளர்ந்த ஆஸ்டன், தொழிற்சாலைகள் சூழ்ந்த உழைப்பாளர் குடியிருப்பு. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலால் வலக்கை விரல்களால் தந்திகளை அழுத்தினார். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த 'ஷேடோஸ்' குழுவின் இசைத்தட்டுகளே அவருக்குப் பள்ளிக்கூடம். கேட்டதை மீண்டும் மீண்டும் வாசித்துப் பார்ப்பதே பாடத்திட்டம்.

பதினேழாம் வயதில் அவர் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். முழுநேர இசைக்கலைஞராக வேண்டி வேலையை விடத் துணிந்த அவருக்கு அன்று ஆலையில் கடைசி நாள். நண்பகல் உணவுக்கு வீடு வந்தவர் திரும்பிப்போக விரும்பவில்லை. எடுத்த வேலையை முடித்து வா என்று தாய் அனுப்பிவைத்தார். வழக்கமாகத் தகடு வெட்டும் எந்திரத்தை இயக்குபவர் வராததால் அவ்விடத்தில் அயோமி நிறுத்தப்பட்டார். எந்திரம் இறங்கியது. வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகள் போயின.

இனி வாசிக்க இயலாது என மருத்துவர்கள் கூறினர். மனமொடிந்து கிடந்தவரைக் காண ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டுடன் வந்தார். அதில் வாசித்திருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் தீ விபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பின், எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே மேதையானவர். முதலில் கேட்க மறுத்த இளைஞர், கேட்டபின் எழுந்தார். ஆறுதல் சொல்ல வருவோர் பெரும்பாலும் வார்த்தைகளையே கொண்டுவருகின்றனர். அந்த மேற்பார்வையாளரோ ஒரு சான்றைக் கொண்டுவந்தார்.

குறையிலிருந்து பிறந்த ஒலி

பாத்திரம் கழுவும் திரவம் வந்த நெகிழிப் புட்டியை உருக்கி, விரல் நுனிகளுக்கு உறைகள் செய்துகொண்டார் அயோமி. அவை வழுக்காதிருக்கத் தோல் துண்டுகளை ஒட்டினார். வழக்கமான தந்திகள் தடிமனாக இருந்தமையால் பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர், தந்திகளின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். 1971-இல் வந்த மூன்றாம் இசைத்தட்டில் கிதாரின் சுருதி மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியது. தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும்; நாதமோ ஆழ்ந்து கனக்கும். 'ஹெவி மெட்டல்' என உலகம் அழைக்கும் இசைவகையின் கனத்திற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இங்கு நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். துன்பமே கலையை ஈன்றது என்னும் வாக்கியம் கேட்க இனிது, உண்மையன்று. அந்த எந்திரம் ஈன்றது காயத்தை மட்டுமே. அதே போன்ற எந்திரங்களில் விரல் இழந்து, பெயரும் அறியப்படாமல் மறைந்தோர் எத்தனையோ பேர். கலையை ஈன்றது, புட்டியை உருக்கிய பொறுமையும் தட்டைச் சுமந்துவந்த தோழமையும் ஆகும். இறைவனோடு மல்லுக்கட்டிய யாக்கோபு ஆசி பெற்றார். எனினும் நொண்டிக்கொண்டே நடந்தார். ஆசி காயத்தை அழிக்கவில்லை. நடையை நிறுத்தவும் விடவில்லை.

1968-இல் அயோமியும் அதே வட்டார இளைஞர்களான ஓசி ஆஸ்பர்ன், கீசர் பட்லர், பில் வார்டு ஆகியோரும் குழுவாக இணைந்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஏற்கெனவே பெயர்பெற்ற 'ஜெத்ரோ டல்' குழு அயோமியை அழைத்துக்கொண்டது. சில வாரங்களில் அவர் தம் தோழர்களிடமே திரும்பினார். திரும்பும்போது அங்குக் கண்ட ஒழுங்கையும் உடன் கொணர்ந்தார். காலையிலேயே ஒத்திகை தொடங்க வேண்டும் என வற்புறுத்தினார். 1969-இல் ஒரு திகில் திரைப்படத்தின் பெயரையே குழு தன் பெயராக்கிக்கொண்டது.

மூன்று சுரங்களின் வழக்கு

1970 பிப்ரவரியில் வெளியான முதல் இசைத்தட்டு மழையோடும் இடியோடும் ஆலய மணியோசையோடும் தொடங்குகிறது. பின்னர் மூன்றே சுரங்கள்: ஒரு சுரம், அதன் மேல் தாயி, அங்கிருந்து ஆறு அரைச்சுரம் கீழே ஒரு நடுக்கம். இந்த ஆறு அரைச்சுர இடைவெளிக்குச் 'சாத்தானின் சுரம்' என மேனாட்டில் ஒரு பெயருண்டு. திருச்சபை அதைத் தடைசெய்தது என்ற கதையும் உண்டு. தடைக்குச் சான்றில்லை. இடைக்கால இசையறிஞர் அதைக் கடூரமானதெனத் தவிர்த்தனர்; அவ்வளவே. அதே இடைவெளிதான் நம் கர்நாடக இசையில் சட்சமத்திலிருந்து பிரதி மத்திமத்திற்கு உள்ள தொலைவு. 72 மேளங்களில் 36 அதன்மேல் அமைந்தவை. மங்கலத்துக்குப் பெயர்பெற்ற கல்யாணியும் அவற்றுள் ஒன்று. எனவே, சுரத்தில் சாத்தான் இல்லை. கல்யாணியில் அண்டைச் சுரங்கள் அதை அரவணைக்கின்றன. அயோமியிடம் அது துணையின்றித் தனித்து நிற்கிறது. அந்தத் தனிமையே அச்சத்தைத் தருகிறது. பாடலின் சொற்களும் அதற்கேற்பவே அமைந்துள்ளன. இருளுருவைக் கண்ட ஒருவன் அதை வணங்கவில்லை. நடுங்கி இறைவனை அழைக்கிறான்.

அதே ஆண்டு வந்த 'வார் பிக்ஸ்' வியட்நாம் போர்க்காலத்தின் பாடல். போரைத் திட்டமிடும் தளபதிகளைச் சூனியக் கூட்டத்துக்கு ஒப்பிட்டு, மூட்டியவர் ஒளிந்திருக்க ஏழைகளே மடிவதைச் சுட்டி, இறுதித் தீர்ப்பில் அவர்களை மண்டியிடச் செய்கிறது. இக்குழுவின் ஆகச் சிறந்த படைப்பு இதுவே என்பது நம் கருத்து. பாடல் கோபத்தைக் கூவிக் கரைத்துவிடவில்லை. கிதார் ஒரு வீச்சு வீசி மௌனிக்கிறது; அந்த மௌனத்தில் குரல் குற்றம் சாட்டுகிறது. நீதிமன்றத்தின் அமைதி அது.

பாடல்களுள் பெரும்பாலானவற்றை எழுதிய பட்லர், அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1971-இல் வந்த 'ஆஃப்டர் ஃபாரெவர்', நண்பரின் ஏளனத்துக்கு அஞ்சி விசுவாசத்தை மறைப்போரை நேருக்கு நேர் வினவுகிறது. நோக்கம் நன்று, ஆயினும் கலையாக இது 'வார் பிக்ஸ்' பாடலுக்கு ஈடாகாது. காட்ட வேண்டியதை இது போதிக்கிறது. போதனையின் வலுக்குறைவை ஒவ்வொரு ஞாயிறும் பீடத்திலிருந்து அறிபவர் நாம்.

குறைகளும் நிறைவும்

குறைகளை மறைப்பதற்கில்லை. மேற்கூறிய பாடல் உள்ள அதே தட்டின் முதற்பாடல் கஞ்சாவைப் புகழ்கிறது. அடுத்த ஆண்டுகளில் போதை அக்குழுவை அரித்தது. 1979-இல் ஆஸ்பர்ன் குழுவினின்று நீக்கப்பட்டார். முதல் தட்டின் உள்ளுறையில் தலைகீழ்ச் சிலுவை அச்சிடப்பட்டிருந்தது. அது தங்களைக் கேளாமல் நிறுவனம் செய்தது என்று குழுவினர் கூறினாலும், இருளின் படிமங்கள் விற்பனைக்கு உதவியதை அவர்கள் மறுக்கவியலாது. அச்சத்தைப் பாடுவது வேறு. அச்சத்தை வணிகமாக்குவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயான கோட்டை அவர்கள் பலமுறை தாண்டினர்.

2025 ஜூலை 5 அன்று, தாங்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் விளையாட்டரங்கில், நால்வரும் 2005-க்குப் பின் முதன்முறையாக ஒன்றாக மேடையேறினர். அதுவே இறுதி நிகழ்ச்சி. வருவாய் குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட அறப்பணிகளுக்கென அறிவிக்கப்பட்டது. நோயுற்றிருந்த ஆஸ்பர்ன் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தே பாடினார். அம்மாதம் 22-ஆம் நாள் மறைந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் இனி வாசிக்கவே இயலாது என்று சொல்லப்பட்டவர், அன்றும் விரலுறைகளோடு வாசித்தார்.

நம் இல்லத்து இளைஞன் இத்தகைய இசையைக் கேட்கையில் கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லுமுன், அருகமர்ந்து ஒரு பாடலையேனும் முழுமையாய்க் கேட்போம். எதைக் கண்டு இவன் அஞ்சுகிறான், எதன்மேல் இவன் சினங்கொள்கிறான் என்பது அப்போது புலப்படும். கண்டிக்க வேண்டியதைப் பின்பு கண்டிக்கலாம். கேட்டவரின் கண்டிப்புக்கே அவன் செவிசாய்ப்பான்.