வெற்றித் தூணும் விடுபட்ட கணக்கும்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் சுற்றுலாக் குழுவொன்றுடன் அண்மையில் சென்றிருந்தோம். அது போர்க்களம் அல்ல. போரின் வெற்றியை நிலைநாட்ட எழுந்த நகரம். முதலாம் இராசேந்திரனின் படை 1023-ஆம் ஆண்டளவில் கங்கைக்கரை வரை சென்று மீண்டதன் சின்னம். அங்கு வெட்டப்பட்ட சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித் தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. வழிகாட்டி இவற்றைச் செவ்வனே விளக்கினார். சாளுக்கிய நாட்டிலிருந்து வந்ததாக அறிஞர் கருதும் நவக்கிரகக் கல்லையும் காட்டினார்.

ஆயினும் அவர் உரையில் ஒரு குறை கண்டோம். நாடுகள் பல வீழ்ந்தன. மனிதர் எவரும் மாளவில்லை! இக்குறை அவருடையது மட்டுமன்று. அவர் பின்பற்றிய மெய்க்கீர்த்தியின் இயல்பே அது. வென்ற நாடுகளை அது வரிசையாக அடுக்கும். கவர்ந்த முடிகளையும் ஆரங்களையும் கூறும். தந்தையை இழந்த குழந்தையைக் கூறாது.

மறுதரப்புச் சான்றும் உண்டு. இராசராசன் ஆட்சியில் இளவரசன் இராசேந்திரன் நடத்திய படையெடுப்பைப் பற்றியது, 1007-ஆம் ஆண்டின் ஹொட்டூர்க் கன்னடக் கல்வெட்டு. ஒன்பது இலட்சம் பேருடன் வந்த சோழர், நாட்டைச் சூறையாடிப் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றனர் என அது குற்றஞ்சாட்டுகிறது. இதனை அப்படியே ஏற்கலாமா? கூடாது. அறிவிப்பாளர் யார், அவருக்குள்ள பற்று என்ன, பகை என்ன என வினவியே செய்தியை எடைபோடுவது ஹதீஸ் கலை கற்பித்த நெறி. மெய்க்கீர்த்தி தன்னைத்தானே புகழும் சாட்சி. ஹொட்டூர்க் கல் பகைவனின் சாட்சி. ஒன்பது இலட்சம் என்பது நம்புதற்கரியது. எனினும் ஒரு சாட்சியை மட்டும் பேசவிட்டு மற்றதன் வாயை அடைப்பது நீதியன்று.

பிறரைக் குறைகூறும் நாம் நம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மீலாது மேடைகளில் பத்ரின் வெற்றியை முழங்கும் அளவுக்கு, உஹதில் வீழ்ந்த எழுபது ஷஹீதுகளையும் அவர்தம் அநாதைகளையும் பேசுகிறோமா? சீறாப்புராணத்தில் பத்ருக்குப் படலம் வகுத்த உமறுப் புலவர் உஹதுக்கும் வகுத்தார். நாம்தாம் ஒன்றைப் படித்து மற்றதைப் புரட்டிவிடுகிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ எட்டாண்டுகள் கழிந்த பின்னும் உஹது ஷஹீதுகளுக்காகப் பிரார்த்தித்தார்கள் என்பது புகாரீ ஷரீபில் காணும் செய்தி.

பூமியில் பயணம் செய்யுமாறு திருமறை பணிப்பது, முன்னோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுவதற்கே. இரண்டரை நூற்றாண்டு தலைநகராய் விளங்கிய ஊரில், அரண்மனையின் செங்கல் அடித்தளமே மாளிகைமேட்டில் எஞ்சியுள்ளது. கோயில் மதிலின் கற்கள் 1836-இல் கீழணை கட்டப் பெயர்த்தெடுக்கப்பட்டன. வெற்றித் தூணோ இன்று பொன்னேரி என்னும் பெயரில் கிடக்கிறது.

வழிகாட்டிகளுக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. அந்த ஏரிக்கரையில் ஒரு நிமிடம் நின்று, இருதரப்பிலும் மாண்டவரைப் பற்றியும் ஒரு சொல் கூறுங்கள். அதனால் சோழனின் பெருமை குன்றாது. கேட்கும் பிள்ளைகளின் உள்ளம் விரியும்.