கணினிப் பாதுகாப்பு நூல்களும் மதிப்புரைப் பூசலும்

நூல் ஒன்று தோன்றியவழி அதனை ஆய்ந்து கொள்வார் ஒருவர் வேண்டும் என்பது தமிழ் மரபு. அரங்கேற்றம் என்பது அதன்பொருட்டு எழுந்த வழக்கேயாம். இறையனார் களவியல் உரையின் முகப்பில் இதுபற்றி ஒரு வரலாறு காணப்படுகின்றது. 60 நூற்பாக்களுக்குச் சங்கப் புலவர் 49 பேரும் தனித்தனியே உரை கண்டனர். எவர் உரை மெய்யுரை என்பதில் பூசல் எழுந்தது. உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனை நடுவனாக இருத்தினர். மதுரை மருதன் இளநாகனார் உரைக்கு அவன் ஒரோவிடத்து மெய்சிலிர்த்தான்; நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் வார்த்தான். பூசல் தீர்ந்தது. இதனை வரலாறாகக் கொள்வாரும் உளர். புனைந்துரையாகக் கொள்வாரும் உளர். எங்ஙனமாயினும், ஒரு நூலின் தகுதி பற்றிய பூசலையும் அதன் தீர்வையும் கூறும் பழைய செய்திகளுள் இஃது ஒன்று. இதன்கண் கருதற்குரியது யாதெனின், நடுவன் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதே. பேசாதவனோடு எவரும் வழக்காட இயலாது.

கணினிப் பாதுகாப்புப் பற்றி இன்று எழும் நூல்களுக்கு அத்தகைய நடுவன் வாய்த்திலன். மதிப்புரை எழுதுவார் பலர். அம்மதிப்புரையை மறுப்பார் அவரினும் பலர். மறுப்பை மறுப்பார்க்கு அளவில்லை. இப்பூசல்களில் எது நூலைப் பற்றியது, எது நூலைப் பற்றாதது, இலக்கியத் திறனாய்வு பயின்றார் இதன்கண் சொல்லத்தக்கது ஏதும் உண்டோ என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். தொழில்நுட்ப நூல் தமிழ்த்துறையாரின் எல்லைக்குள் வருமோ எனச் சிலர் வினவக்கூடும். இலக்கண நூலும் ஒரு தொழில்நுட்ப நூலே. அதனை மதிப்பிட்டுப் பழகிய கை எம்முடையது.

இத்துறை நூல்களைப் பற்றி முதற்கண் எழுந்த பூசல், இத்தகைய நூல் எழுதப்படலாமா என்பதாம். இது கணினிக்கு முற்பட்டது. 1851இல் இலண்டன் மாநகரில் நடந்த பெருங்கண்காட்சியின்போது ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், திறக்கவொண்ணாதன எனப் பெயர்பெற்ற சப், பிராமா என்னும் இருவகைப் பூட்டுகளையும் திறவுகோலின்றித் திறந்து காட்டினார். பூட்டின் குறையை ஊரறியச் சொல்வது கள்வனுக்குக் கற்பிப்பதன்றோ எனப் பலர் வெகுண்டனர். சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்து 1853இல் வெளிவந்த பூட்டுகள் பற்றிய நூல் அதற்கு விடை கூறிற்று. கள்வர் தம் தொழிலை முன்னரே நன்கறிவர். அறியாதவர் பூட்டை வாங்கும் நல்லோரே என்பது அவ்விடையின் சாரம். 1967இல் டேவிட் கான் மறைமொழி வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டபோதும் அமெரிக்க உளவுத்துறையினர் அதனைத் தடுக்க முயன்றனர்.

இப்பூசலின் முடிவில் நகைப்பிற்கிடமான நிகழ்ச்சியொன்றும் உண்டு. புரூஸ் ஷ்னையர் எழுதிய 'அப்ளைடு கிரிப்டோகிராபி' என்னும் நூலில் மறையாக்க நிரல்கள் அச்சிடப்பட்டிருந்தன. 1994இல் பில் கார்ன் என்பார் அந்நூலை வெளிநாட்டிற்கு அனுப்ப இசைவு வேண்டினார். அமெரிக்க அரசு, நூலுக்குத் தடையில்லை என்றது. அதே நிரல்களைக் கொண்ட நெகிழ்தட்டுக்கோ, அது போர்க்கருவிப் பட்டியலைச் சார்ந்தது எனக் கூறி இசைவு மறுத்தது. தாளில் நூலாக நின்றது, தட்டில் படைக்கலமாயிற்று! இப்பூசல் இன்று பெரிதும் ஓய்ந்துவிட்டமையின் இதனை இவ்வளவில் விடுத்து மேற்செல்வாம்.

இரண்டாவது பூசலே எம் கருத்துக்குரியது. அது, நூலில் உள்ள சொற்கள் எவருடையவை என்பது. 2001இல் அங்கித் பாடியா என்னும் தில்லி இளைஞர், பள்ளிப் பருவத்திலேயே, 'அன்அஃபிஷியல் கைடு டு எத்திகல் ஹேக்கிங்' என்னும் நூலை மாக்மில்லன் இந்தியா வாயிலாக வெளியிட்டார். இத்துறையில் இந்தியர் எழுதிய நூல் அரிதாயிருந்த காலம் அது. நூல் பெரும்புகழ் பெற்றது. ஆசிரியரும் புகழ் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் தன்னார்வலர் சிலர் நடத்திவந்த அட்ரிஷன் என்னும் குழு, இந்நூற் பகுதிகளைப் பிறர் முன்னரே எழுதியவற்றோடு அடுத்தடுத்து வைத்து, இவை மூலம் சுட்டாது எடுக்கப்பட்டவை எனக் குற்றஞ்சாட்டியது. இந்தியர் என்பதனால் எழுந்த குற்றச்சாட்டு எனக் கருதற்க. கிரிகரி எவான்ஸ் என்னும் அமெரிக்கர் 2010இல் வெளியிட்ட நூலின்மீதும் அக்குழு இதே குற்றத்தைச் சாட்டியது.

குற்றச்சாட்டை வரிவரியாக ஆய்ந்து தீர்ப்பளித்தல் ஈண்டு எம் நோக்கமன்று. அது நிகழ்ந்த முறையே நோக்கத்தக்கது. அடுத்தடுத்து வைத்துக் காட்டல் என்பது சிறந்த முறை. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்த உ. வே. சாமிநாதையர் முதலாய பதிப்பாசிரியர் கையாண்டதும் ஒப்புநோக்கல் என்னும் இவ்வழியேயாம். அதற்குமுன் புகழும் பட்டமும் நில்லா. இருபாற் சொற்களே நிற்கும். படிப்பவர் தம் கண்ணாலேயே காணலாம். மதிப்புரையாளரை நம்ப வேண்டுவதும் இல்லை. ஆயின் பூசல் அவ்விடத்தே நிற்கவில்லை. ஆசிரியர் தம்மைப் பற்றிக் கூறிய அருஞ்செயல்கள் மெய்யா, அவர் எய்திய புகழ் தகுமா என ஆளின்மேற் சென்றது. 2012இல் டெப்கான் என்னும் கூட்டத்தில் அவர்க்கு 'ஆண்டின் போலி' என்னும் எள்ளற்பட்டமும் சூட்டப்பட்டது. எள்ளல் தொடங்கியவுடன் ஒப்புநோக்கல் பின்னுக்குச் சென்றது. ஆசிரியர் பக்கம் நிற்போர்க்கும் இஃது எளிதாயிற்று. வரிக்கு வரி விடையிறுத்தல் அரிது. 'பொறாமை' என்னும் ஒரு சொல்லால் விடையிறுத்தல் எளிது.

தமிழிலும் இது புதிதன்று. 1867இல் திருவருட்பாவின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதனை ஒட்டி ஆறுமுக நாவலர் தரப்பினர்க்கும் இராமலிங்க அடிகள் தரப்பினர்க்கும் எழுந்த பூசல், பாட்டின் தன்மையில் தொடங்கி, மஞ்சக்குப்பம் வழக்குமன்றம்வரை சென்றது. அக்காலக் கண்டன நூல்களைப் புரட்டுவார்க்கு, ஆளைச் சாடும் பகுதிகள் எத்துணை, நூலை ஆயும் பகுதிகள் எத்துணை என்பது எளிதிற் புலனாகும்.

இனி, பிறர் சொல்லை எடுத்தல் குற்றமோ என்னும் வினா எழுகின்றது. இதற்கு எம் இலக்கண மரபு தரும் விடை வியப்பானது. நன்னூலார் நூற்குற்றங்கள் பத்தினை வகுத்தார். குறைவாகச் சொல்லல், மிகையாகச் சொல்லல், முன்னுக்குப்பின் முரணல், பயனின்றி ஒழிதல் முதலியன அவற்றுள் உண்டு. பிறர் சொல்லை எடுத்தாளல் என்பது அப்பத்தில் இல்லை! அதுமட்டுமோ, முன்னோர் பொருளேயன்றி அவர்தம் சொல்லையும் போற்றிக் கொள்ளுதல் தகும் என்பதே நன்னூலார் கொள்கை. 17ஆம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கம் இயற்றியபோது, நன்னூல் நூற்பாக்கள் பலவற்றை உள்ளவாறே எடுத்தமைத்துக் கொண்டார். குட்டித் தொல்காப்பியம் எனப் புலவர் அந்நூலைப் பாராட்டினர். திருடிய நூல் எனத் தள்ளினாரிலர். அடுத்த நூற்றாண்டில் சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' எழுதி அந்நூலைக் கடுமையாகத் தாக்கினார். தலைப்பே மரங்களை வேரோடு சாய்ப்பதாக உள்ளது. எனினும் அத்தாக்குதல் நூற்பா நூற்பாவாக, இலக்கணப் பொருள்மேல் நிகழ்ந்தது. இஃது இவ்விடத்துப் பொருந்தாது, இவ்விதி இதனோடு முரணும் என்பதே அதன் போக்கு. சொல்லிற் கடுமை உண்டு. ஆயினும் ஒவ்வொரு கடுமைக்கும் கீழே ஒரு நூற்பா உண்டு. கண்டனம் எழுதுவார் கற்க வேண்டிய நூல் அது என்பது எம் கருத்து.

அவ்வாறாயின் கணினிப் பாதுகாப்பு நூலாசிரியர் எடுத்தாள்வதில் மட்டும் குற்றம் யாதோ எனின், விடை கற்போரிடத்தில் உள்ளது. இலக்கண விளக்கம் கற்கப் புகுவோர் நன்னூலை முன்னரே மனப்பாடமாக அறிந்தவர். நூற்பாவைக் கேட்டவுடனே அது பவணந்தியார் வாக்கு என்பது அவர்க்கு விளங்கும். மறைப்பதற்கு வழியில்லை, மறைக்கும் கருத்தும் இல்லை. கணினிப் பாதுகாப்பு நூலைக் கையில் எடுப்பவர் மூலத்தை அறியார். மூலம் அறியாதவர் அது எந்த ஆண்டிற் சொல்லப்பட்டது என்பதையும் அறியார். இத்துறையில் ஆண்டறியாமை பெருந்தீங்கு.

கடவுச்சொல்லை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுக, எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து அமைக்க என்னும் அறிவுரை நூல்தோறும் காணப்படுவது. அதன் வழியைத் தேடிச் செல்வார், 2003இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தில் பணிபுரிந்த பில் பர் என்பார் எழுதிய ஆவணத்தைச் சென்றடைவர். 2017இல் அந்நிறுவனமே, காலமுறையில் கடவுச்சொல்லை மாற்றுமாறு வற்புறுத்தல் வேண்டா என வழிகாட்டுதலைத் திருத்தியது. எழுதியவரும் தம் அறிவுரையிற் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அவ்வாண்டிலேயே கூறினார். மாற்றுக எனப் பணிக்கப்பட்டவர் ஈற்றிலுள்ள எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவர் என்பது பட்டறிவாற் கண்டது. எம்.டி.5 என்னும் சுருக்கக் குறிமுறையும் அத்தகையதே. 1992இல் வெளியிடப்பட்ட அது, வேறுவேறான இரு செய்திகளுக்கு ஒரே குறி அமையுமாறு செய்யலாம் என்பதை 2004இல் சீன அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டியபின் நம்பத்தகாததாயிற்று. 2004க்கு முற்பட்ட பகுதியொன்றை மூலங்காட்டாது பிற்கால நூலில் எடுத்துச் சேர்த்தால், இற்றுப்போன பூட்டைப் புதுப்பூட்டாக விற்றதாகும். களவு எழுதினவனுக்கு இழைக்கப்படுவது மட்டுமன்று, படிப்பவனுக்கும் இழைக்கப்படுவது.

இதனை ஏட்டளவில் யாம் கூறவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்க்குச் செல்லும் பெருவழியில் உள்ளது குருபரப்பள்ளி. சிப்காட் தொழிற்பேட்டையும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் சிற்றூர்களும் கொண்ட பகுதி அது. ஆலையில் பணிபுரியும் இளைஞர்தம் ஊதியம் வங்கிக்கணக்கில் வருகின்றது. தேநீர்க்கடைக் காசும் கைப்பேசி வழியே போகின்றது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஓ.டி.பி. எண்ணைக் கேட்டுப் பணம் பறிப்போர் அழைப்பும் அதே கைப்பேசியில் வருகின்றது. பறிகொடுத்தார் அழைக்க 1930 என்னும் எண் உண்டு. பறிகொடாமைக்குக் கற்பிக்கும் நூல் வேண்டுமே! இப்பகுதியிலிருந்து வரும் எம் மாணாக்கர் ஒருவர், தம் தமையனார் பழைய நூற்கடையில் வாங்கிய கணினிப் பாதுகாப்பு நூலொன்றைக் கொணர்ந்து, இதனைக் கற்கலாமா என வினவினார். பதிப்பாண்டு அச்சிட்ட முகப்புத் தாள் கிழிந்து போயிருந்தது. பண்டை நூற்கு அகச்சான்றால் காலங்கணிப்பது போல இதற்கும் கணிக்க வேண்டியதாயிற்று. படங்களில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அது 2001இல் வெளிவந்தது. அதற்கான ஆதரவை 2014இல் மைக்ரோசாப்ட் நிறுத்தியது. நூலில் கைப்பேசி என்னும் சொல்லையே யாம் காணவில்லை. பின்னட்டையில் மட்டும் மூவர் புகழுரை முழுமையாக எஞ்சியிருந்தது.

பின்னட்டைப் புகழுரையை எள்ளி ஒதுக்குதற்கில்லை. சிறப்புப் பாயிரம் என்பதும் அதுவே. ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோர் அதனைச் செய்தற்குரியர் என்பர் நன்னூலார். நால்வரும் வேண்டியவரே, பகைவர் ஒருவரும் இலர். ஆயின் வேண்டியவர் எழுதினும் சொல்லியே தீர வேண்டியவை இவை என அவர் எட்டினை வரையறுத்தார். ஆக்கியோன் பெயரை அடுத்து அவர் வைத்தது 'வழி'. எந்நூலின் வழி வந்தது இந்நூல் என்பதைப் பாயிரத்திலேயே சொல்லிவிட வேண்டும். நூற்குற்றம் பத்தில் எடுத்தாளல் இடம்பெறாமைக்குக் காரணம் இதுவே என யாம் கருதுகின்றோம். வழியை முகப்பிலேயே கூறியபின் எடுத்தாளல் களவாகாது. மேலும் காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் அவ்வெட்டோடு சேர்த்துரைப்பாரும் உளர் என்கின்றார். பதினொன்றனுள் கணினிப் பாதுகாப்பு நூலின் மதிப்புரைக்கு உயிரானவை வழியும் காலமும். ஏனைய, நூலைக் கண்ட அளவிலே தெரியும்.

ஆசிரியரே தம் நூலின் காலத்தைக் கூறிய எடுத்துக்காட்டும் இத்துறையில் உண்டு. மேலே குறித்த ஷ்னையர், 1996இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். 2000இல் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' என்னும் பிறிதொரு நூலை எழுதி, முன்னைய நூலின் பிழையைத் திருத்துதற்கே ஒருபாதி இதனை எழுதினேன் என முன்னுரையிற் கூறினார். கணக்கால் அனைத்தையும் காத்துவிடலாம் எனத் தாம் காட்டியது தவறு என்பதும், உடைவது கணக்கன்று, அதனைச் சூழ்ந்த கருவியும் மாந்தருமே என்பதும் அவர் கண்டவை. அவ்வாறு முன்னுரையிற் கூறியபின் அவரைப் 'போலி' என்பதற்கு எவர்க்கு வாய் வரும்?

தமிழிதழ்களில் இத்தகைய நூல்களுக்கு வரும் மதிப்புரைகள் சிலவற்றை யாம் கண்டதுண்டு. தமிழில் இந்நூல் வந்ததே பெருந்தொண்டு என்பது முதல் வரி. எளிய நடை என்பது இரண்டாம் வரி. அச்சுப்பிழை தவிர்க்கலாம் என்பது மூன்றாம் வரி. விலை, பக்கம், கிடைக்குமிடம். எந்த ஆண்டின் கணினிக்கு இவ்வறிவுரை, எவர் சொன்னது, சொன்னவர் இன்னும் அதனையே சொல்கின்றாரா என்பவற்றுக்கு நான்கு வரி ஒதுக்கின், எம் மாணாக்கரின் தமையனார் அந்நூலை வாங்குமுன் அறிந்திருப்பார்.