ஒருமையில் வழங்கும் பன்மை: ஆங்கிலப் பிரதிப்பெயர் விதியொன்றன் மீதான மறுநோக்கு

முன்னுரை

ஆங்கிலத்தில் பிரதிப்பெயர், தான் சுட்டும் பெயரோடு எண்ணாலும் பாலாலும் இயைய வேண்டும் என்பது பள்ளி இலக்கண நூல்கள் கூறும் விதியாகும். 'எவ்ரி ஸ்டூடண்ட்' எனத் தொடங்கும் வாக்கியத்தில் மாணவர் ஒருவர் 'தெயர்' என எழுதினால், அதனைப் பிழையெனக் கொண்டு 'ஹிஸ்' எனத் திருத்தும் வழக்கம் இவ்விதியின் வழி வந்ததே. அத்திருத்தம் எந்த அளவிற்கு மொழியின் இயல்பைச் சார்ந்தது, எந்த அளவிற்கு இலக்கண நூலாரின் விருப்பத்தைச் சார்ந்தது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். இருமொழிச் சூழலில் பணியாற்றும் தமிழாசிரியர்க்கும் இது உரிய வினாவே. இதனைத் தீர்க்க உதவும் கருத்தொன்று தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது.

விதியின் வரலாறு

'தே' என்னும் சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துள் புகுந்ததாகும். 'ஒவ்வொருவரும்', 'எவரேனும்' என்னும் பொருள்தரும் ஒருமைப் பெயர்களைச் சுட்ட அது 14ஆம் நூற்றாண்டு முதலே பயின்று வந்துள்ளது. சாசர், ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டின் ஆகியோரின் எழுத்துகளிலும் இவ்வழக்கினைக் காணலாம்.

இதனை விலக்கும் விதி வலுப்பெற்றது 18ஆம் நூற்றாண்டிலாகும். ஆண்பாற் பிரதிப்பெயர் இருபாலாரையும் குறிக்கும் என அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதியவர்களுள் ஆன் ஃபிஷர் என்னும் ஆசிரியையும் ஒருவர். 1795இல் வெளிவந்து பெரிதும் பரவிய லிண்ட்லி மர்ரேயின் இலக்கண நூல், 'தெயர்' என்பதை 'ஹிஸ்' எனத் திருத்திக் காட்டியது. 1850இல் பிரித்தானிய நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் எனச் சட்டமே இயற்றியது.

அவ்வாறு உள்ளடக்கியது உண்மைதானா என்பது விரைவில் வெளிப்பட்டது. 1867ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் 'ஆண்' என்னும் சொல்லையே கையாண்டது. அதனை 'நபர்' என மாற்ற ஜான் ஸ்டூவர்ட் மில் கொணர்ந்த திருத்தம் 73க்கு 196 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'ஆண்' என்பது தங்களையும் குறிக்கும் என மான்செஸ்டர்ப் பெண்கள் 1868இல் வழக்குரைத்தபோது, நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இலக்கணம் உள்ளே வைத்ததாகச் சொன்னவர்களைச் சட்டம் வெளியே நிறுத்தியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்விதியின் தருக்கக் குறையை 1975இல் ஆன் போடைன் தம் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். 'எவ்ரி ஸ்டூடண்ட்' என்பதற்கு 'தே' எண்ணால் இயையவில்லை எனில், 'ஹீ' பாலால் இயையவில்லை. இரண்டிலும் ஒவ்வோர் இயைபு குறைகிறது. அவற்றுள் ஒன்றை மட்டும் பிழையெனக் கண்டு மற்றொன்றைக் காணாது விட்டது இலக்கண நூலாரின் தேர்வேயன்றி மொழியின் கட்டளையன்று.

'யூ' தரும் சான்று

பன்மைச் சொல் ஒருமைக்கு வருவது ஆங்கிலத்திற்குப் புதியதன்று. முற்காலத்தில் ஒருவரை விளிக்க 'தௌ' என்பதும் பலரை விளிக்க 'யூ' என்பதன் பழைய வடிவங்களும் வழங்கின. பின்னர் மரியாதை கருதிப் பன்மை வடிவம் ஒருவருக்கும் உரியதாயிற்று. 1660இல் குவேக்கர் சமயத்தவரான ஜார்ஜ் ஃபாக்ஸ் வேறிருவருடன் சேர்ந்து, ஆசிரியர்களுக்கெனவே ஒரு நூல் வெளியிட்டு, ஒருவரை 'யூ' எனல் பிழை என வாதிட்டார். அவ்வாதம் நிலைபெறவில்லை. இன்று ஒருவரை நோக்கி 'யூ ஆர்' எனப் பன்மை வினையோடு எழுதும் மாணவரை எவரும் திருத்துவதில்லை. 'யூ'வுக்கு வழங்கிய இசைவை 'தே'க்கு மறுப்பதற்கு இலக்கண அடிப்படை யாதும் இல்லை.

தமிழ் மரபின் ஒளியில்

'ஆசிரியர் வந்தார்' என்னும் தொடரில் பலர்பால் ஈற்றுப் பெயரும் பலர்பால் வினைமுற்றும் ஒருவரையே குறிக்கின்றன. அவர் ஆணா பெண்ணா என்பதும் வெளிப்படுவதில்லை. ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கில் அமைந்த உயர்சொல் என்றும், அது இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் கூறுகின்றார். நெறி வேறு, வழக்கு வேறு எனப் பிரித்தறிந்த அவர், வழக்கினை மறைக்கவுமில்லை, பழிக்கவுமில்லை. பிற்கால இலக்கணத்தார் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுத்தனர். ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் இருப்பவை சரி, பிழை என்னும் இரண்டு பெட்டிகளே. வழுவமைதி என்னும் மூன்றாவது பெட்டி இல்லாமையே இச்சிக்கலுக்குக் காரணம் எனலாம்.

எனினும் தமிழில் மரியாதையே பன்மைக்குக் காரணம். ஆங்கிலத்திலோ பால் அறியப்படாமை காரணம். இவ்வேறுபாட்டை மறந்து ஒப்பிடல் பொருந்தாது.

எழக்கூடிய மறுப்பு

'தே' ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாயின் பொருள் மயங்கும் என்பர். இம்மறுப்பு ஓரளவு உண்மையே. ஆசிரியர் ஒருவரும் மாணவர் பலரும் வரும் வாக்கியத்தில் 'தே' யாரைச் சுட்டுகிறது என்பது தெளிவாகாது போகலாம். ஆயின் இராமனும் மணியும் வரும் வாக்கியத்தில் 'ஹீ' என்பதும் அவ்வாறே மயங்கும். தமிழ் இம்மயக்கத்தைத் 'தான்' என்னும் சொல்லால் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயரையே மீண்டும் எழுத வேண்டியுள்ளது. எனவே மயக்கம் வாக்கிய அமைப்பினால் விளைவதேயன்றி 'தே'யினால் மட்டும் விளைவதன்று.

மேலும், பால் அறியப்படாத ஒருவரைச் சுட்டும் பழைய வழக்கும், தம்மை ஆண், பெண் என்னும் இருபாலுள் அடக்காத ஒருவரைப் பெயர்குறித்துச் சுட்டும் புதிய வழக்கும் வேறானவை. பின்னதை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் பதிவு செய்தது. அதே ஆண்டில் வெளிவந்த அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏழாம் பதிப்பு எழுத்துநடைக் கையேடு இரண்டையும் ஏற்றது.

முடிவுரை

பிரதிப்பெயரின் செம்மை, அது யாரைச் சுட்டுகிறது என்பது படிப்பவர்க்கு ஐயமின்றி விளங்குவதில் உள்ளது. விடைத்தாளைத் திருத்துங்கால் முதலில் சுட்டின் தெளிவையும், அடுத்து 'ஐ', 'மீ' போன்ற வேற்றுமை வடிவங்களையும் நோக்குதல் வேண்டும். ஒருமைச் சுட்டாக வரும் 'தே'யைக் குறைத்து மதிப்பிடல் முறையன்று. தேர்வு விதிகள் அதனை ஏற்காத இடங்களில், எழுவாயைப் பன்மையாக்கி 'ஸ்டூடண்ட்ஸ்' எனத் தொடங்கக் கற்பிக்கலாம். அங்ஙனம் கற்பிக்கும்போதும், அது தேர்வின் விதி, மொழியின் விதியன்று என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியரின் கடமையாகும்.