பூனைப் பயிற்சி: எதற்கு, எதுவரை

நாயைப் பழக்கலாம், பூனையைப் பழக்க முடியாது என்று நம்மில் பலர் அடித்துச் சொல்கிறோம். ஆனால் விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்ற ஆய்வு சூடுபிடித்ததே பூனைகளை வைத்துத்தான். 1898இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், பசித்த பூனைகளைக் கூண்டுக்குள் விட்டு வெளியே உணவை வைத்தார். கயிற்றை இழுத்தாலோ தாழ்ப்பாளைத் தட்டினாலோ கதவு திறக்கும். முதலில் பூனை பிறாண்டும், கடிக்கும், இடுக்கில் தலையை நுழைத்துப் பார்க்கும். தற்செயலாக ஒருமுறை கதவு திறந்துகொள்ளும். அடுத்தடுத்த முறைகளில் வீண் முயற்சிகள் உதிர, வெளியேறும் நேரமும் குறையும். நல்ல பலன் தந்த செயல் நிலைக்கும், தராதது தேயும் என்று அவர் வகுத்த விதியே இன்று வீடுகளில் பூனைக்குத் தரும் ‘கிளிக்கர்’ பயிற்சிக்கும் வேர்.

கிளிக்கர் உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கருவி. அழுத்தினால் ‘டிக்’ என்று ஒலிக்கும். பூனை நாம் விரும்பிய ஒன்றைச் செய்த அந்த நொடியில் ஒலி, உடனே ஒரு துணுக்குக் கோழி இறைச்சியோ மீனோ. நாம் உணவை எடுத்து நீட்டுவதற்குள் பூனை வேறு எதையாவது செய்யத் தொடங்கியிருக்கும். ‘இதற்குத்தான்’ என்று பிசகாமல் குறித்துக் காட்டுவதால்தான் ஒலிக்கு இத்தனை மதிப்பு. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர், மேரியன் பிரெலண்ட் தம்பதி இந்த உத்தியைத் தொழில்முறைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் அதை வீட்டு விலங்குகள் வரை பரப்பினார்.

இதன் பலத்தைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. காப்பகங்களில் இருந்த 100 பூனைகளுக்கு இரண்டு வாரத்தில், ஐந்து நிமிடம் வீதம் 15 அமர்வுகள். குச்சியின் நுனியைத் தொடுவதை 79 விழுக்காடு பூனைகள் கற்றுக்கொண்டன, சுற்றிவருவதை 60, கையோடு பாதம் தட்டுவதை 31, சொன்னதும் உட்காருவதை 27. காப்பகத்தின் இரைச்சலிலும் அந்நிய மனிதர்களிடமும் இவ்வளவு கற்ற விலங்கைப் பழக்க முடியாது என்று இனிச் சொல்வதற்கில்லை. அந்த எண்களில் எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. எதிர்ப்படும் பொருளை மூக்கால் தொட்டு முகர்வது பூனையின் அன்றாடம். ஆணைக்கு உட்காருவது நாயிடம் நாம் கேட்டுப் பழகிய மரியாதை. எளிதில் வந்தது முன்னது.

பயிற்சியின் ஆகச் சிறந்த பயனாக நான் கருதுவது, சமூக ஊடகங்களில் கைதட்டல் வாங்கும் வித்தைகளை அல்ல, மருத்துவரிடம் தூக்கிச் செல்லும் கேரியர் கூடையில் பூனை தானே ஏறுவதை. பரண் மேலிருந்து கூடை இறங்கும் சத்தம் கேட்டதும் கட்டிலடியில் பதுங்கும் பூனையை இழுத்துத் திணித்துக் கொண்டுபோனால், வழி முழுக்க அலறல், மருத்துவமனையில் கீறல். இதனாலேயே பலர் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறார்கள். வியன்னாவில் 22 பூனைகளை வைத்து நடந்த, 2018இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் படிப்படியாகக் கூடைக்குப் பழகிய பூனைகளிடம் கார்ப் பயணத்தின்போது பதற்றம் குறைவாக இருந்தது. முதலில் அடித்தட்டு மட்டும், பிறகு மேல்மூடி, பிறகு கதவு, பிறகு சிறிது தூரம் தூக்கி நடப்பது. ஒவ்வொரு படியிலும் உணவு உண்டு, வற்புறுத்தல் கிடையாது. நகம் வெட்டுவதையும் மாத்திரை கொடுப்பதையும் இதே வழியில் பூனைக்குச் சகிக்கத்தக்கதாக ஆக்கலாம். இவையெல்லாம் மனிதன் பூனையின் மேல் சுமத்தும் தேவைகள். சுமையை இலேசாக்கும் கடமையும் நம்முடையதே. பயிற்சிக்கு உரிய களம் இது என்பேன்.

குறை எங்கே தொடங்குகிறது? செயலையும் பலனையும் மட்டும் பார்த்து, பூனை ஏன் அதைச் செய்கிறது என்று கேட்காத இடத்தில். அறிவியலே இதில் சறுக்கியிருக்கிறது. 1946இல் குத்ரீ, ஹார்ட்டன் என்ற இருவர், நடுவில் கம்பம் நட்ட கண்ணாடிக் கூண்டில் பூனைகளை விட்டார்கள். கம்பம் சாய்ந்தால் கதவு திறக்கும். பூனைகள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே விதமாக உடம்பை உரசிக் கம்பத்தைச் சாய்த்தன. கற்ற அசைவு அச்சுப்போலத் திரும்ப வருவதற்கு இது சான்று என்று அவர்கள் எழுதினார்கள். 1979இல் மூர், ஸ்டட்டர்டு என்ற வேறு இரு ஆய்வாளர்கள் பரிசு எதுவும் தராமல் பூனைகளைக் கூண்டில் விட்டுப் பார்த்தார்கள். மனிதர் கண்ணில் பட்டால் கம்பத்தில் உரசின, ஆள் இல்லாவிட்டால் உரசவில்லை. எதிரே நின்ற ஆய்வாளருக்குப் பூனை உரசிச் சொன்ன வணக்கம், முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கற்றலின் அடையாளமாக எண்ணப்பட்டிருக்கிறது!

வீட்டிலும் இதே சறுக்கல்தான், விளைவு மட்டும் கடுமை. மணல் தட்டை விட்டுவிட்டுச் சோபாவில் சிறுநீர் கழிக்கும் பூனைக்குப் ‘பழக்கம் சொல்லித்தர’ முனைகிறார்கள். அது சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். வீட்டு மாற்றமோ புதிய பூனையின் வரவோ தந்த பதற்றமாக இருக்கலாம். தட்டு அழுக்காகவோ, துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்திலோ இருக்கலாம். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் அது அடைப்பு. அன்றே மருத்துவரிடம் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இங்கே கிளிக்கருக்கு வேலையே இல்லை.

பயிற்சி வெற்றிபெற்றும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: பூனையை மனிதர்களின் கழிப்பறைப் பீங்கான் மேல் உட்காரப் பழக்குவது. ஜாஸ் இசைக்கலைஞர் சார்லஸ் மிங்கஸ் தம் பூனையை அப்படிப் பழக்கி, 1950களில் அதற்கு ஒரு கையேடே எழுதினார். கிழித்த செய்தித்தாள் நிரப்பிய அட்டைப்பெட்டியைச் சிறிது சிறிதாகக் கழிப்பறைக்கு நகர்த்தி, பீங்கான் மேல் ஏற்றி, நடுவில் துளையிட்டு, கடைசியில் பெட்டியையே எடுத்துவிடுவது. படிப்படியாகப் பழக்கும் கலைக்கு இதைவிட நேர்த்தியான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. ஆனால் பூனை தோண்டிக் கழித்து மூடும் விலங்கு. வழுக்கும் விளிம்பில், தண்ணீருக்கு மேல், தோண்ட எதுவுமின்றி அதை நிற்கவைக்கிறோம். மூட்டு தேய்ந்த முதிய பூனைக்கு அந்தத் தாவலே வலி. எத்தனை முறை போகிறது, எவ்வளவு போகிறது என்று மணலைப் பார்த்தால் தெரியும். சிறுநீரக நோயும் நீரிழிவும் அப்படித்தான் முதலில் கண்ணில் படும். அந்தச் சாட்சியத்தையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. கழிவில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி கடல் நீர்நாய்களைக் கொல்வதால், பூனைக் கழிவைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம் என்று மணல் பொதிகளில் அச்சிடக் கலிஃபோர்னியா 2006இல் சட்டமே இயற்றியது. மணல் அள்ளும் வேலை மிச்சமாகிறது என்பதைத் தவிர இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

விடியற்காலை நாலு மணிக்குக் கத்தி எழுப்பும் பூனையைப் பற்றிய புகாரிலும் தார்ண்டைக்கின் விதி இருக்கிறது, எதிர்த்திசையில். கத்தினால் கிண்ணம் நிறைகிறது, எனவே கத்துகிறது. ஐந்து நாள் பொறுத்து ஆறாம் நாள் எழுந்து உணவு வைப்பவர், விடாமல் கத்துவதற்கே பரிசு கொடுக்கிறார். ஆய்வாளர் கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2009இல் காட்டியதும் இதையொட்டியதே: உணவு கேட்கும்போது சில பூனைகளின் குறுகுறுப்பில் அழுகைக்கு நெருங்கிய உயர்ந்த ஒலி ஒன்று கலந்திருக்கிறது, கேட்பவர்களுக்கு அது அவசரமாக ஒலிக்கிறது. விடியலும் அந்தியும் பூனையின் வேட்டை நேரம். இரவு படுக்குமுன் விளையாடவிட்டு உணவு தருவது, கத்தலை அடக்க முனைவதைவிடப் பொருத்தமான வழி.

மேசையில் ஏறும் பூனைமேல் தண்ணீர் பீச்சுவது, மூக்கில் தட்டுவது போன்ற தண்டனைகள் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாம் இருக்கும்போது மேசையில் ஏறக்கூடாது என்பதைத் தவிரப் பூனை அதில் எதையும் கற்பதில்லை. நம்மைக் கண்டு ஒதுங்கவும் பழகிவிடுகிறது.

கொல்லைப்புறம் வழியே வந்து, மரத்தில் நகம் தீட்டி, எலி பிடித்துத் திரிந்த நம்மூர்ப் பூனை, இன்று நகரங்களில் பால்கனி வலைக்குள் அடைந்து வாழ்கிறது. வலை அவசியம், மாடியிலிருந்து விழுந்து அடிபடும் பூனைகள் ஏராளம். ஆனால் மரம் போனபின்னும் நகம் தீட்டும் தேவை போகவில்லை. அது தீட்டுதல் மட்டுமல்ல, பாதத்தின் மணத்தை விட்டுச்செல்லும் அறிவிப்பும்கூட. சோபாவைக் கிழிக்காமல் இருக்க ‘பழக்குவதற்கு’ முன், பூனை முழு நீளம் நீட்டிக்கொள்ளும் உயரத்தில், ஆடாத, சணல் கயிறு சுற்றிய கம்பம் ஒன்றை அந்தச் சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். அதில் நகம் பதித்ததும் கிளிக்கர் ஒலிக்கட்டும், உணவு வரட்டும். இங்கே பயிற்சி பூனையின் இயல்போடு சேர்ந்து போகிறது. பூனை ஒரே வேளையில் நிறையத் தின்னும் விலங்கல்ல. சில துணுக்குகளில் ஆர்வம் அடங்கிவிடும், எழுந்து போய்விடும். அத்தோடு அன்றைய பாடத்தை நிறுத்திவிட வேண்டும், பின்னாலேயே உணவைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.