நினைவை அடுக்கியது யார்?

வளர வளரக் குழந்தை செய்திகளை வகைபிரித்து அடுக்கக் கற்கிறது, அந்த அடுக்கிலிருந்தே வேண்டியதை எடுக்கிறது என்கிறது பாடநூல் உளவியல். பழத்தோடு பழம், கருவியோடு கருவி. இப்படி அடுக்கினால் ‘வளர்ச்சி’, அடுக்காவிட்டால் ‘பின்தங்கல்’. விவரிப்பு போலத் தோன்றும் இதை ஒரு தீர்ப்பாகவே நான் வாசிக்கிறேன்.

மைக்கேல் கோலும் சகாக்களும் லைபீரியாவின் க்பெல்லே மக்களிடையே செய்த ஆய்வுகள் 1971இல் நூலாக வந்தன. உணவு, உடை, கருவி, பாத்திரம் என நான்கு வகையில் 20 பெயர்களைக் கலைத்துப் படித்துக்காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள், சிறுவரோ பெரியவரோ, கொஞ்சம்தான் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் படித்தும் அவ்வளவாக முன்னேற்றமில்லை, வகைபிரித்தும் சொல்லவில்லை. பல ஆண்டு பள்ளிக்குப் போனவர்களோ அமெரிக்கப் பிள்ளைகள் மாதிரியே வகைவகையாகச் சொன்னார்கள்.

இதோடு நின்றிருந்தால் காலனியத்தின் பழைய பல்லவிதான்: ‘இவங்களுக்கு அருவமா யோசிக்க வராது.’ ஆய்வாளர்கள் நிற்கவில்லை. அதே பொருட்களைக் கதைக்குள் வைத்தார்கள். தலைவரின் மகளைப் பெண் கேட்டு நாலு பேர் வருகிறார்கள். ஒருவன் கொண்டுவருவதெல்லாம் உடை, இன்னொருவன் கொண்டுவருவதெல்லாம் கருவி. இப்போது பொருட்கள் வகைவகையாகத் திரும்பி வந்தன. வேறொரு கதையில் கொண்டுபோகப்படும் பெண் வழிநெடுகப் பொருட்களை அடையாளமாகப் போட்டுச் செல்கிறாள். அவை வழியின் வரிசையிலேயே வந்தன. ஆக, அடுக்கத் தெரியாமலில்லை. அடுக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணமற்ற பட்டியலை ஏன் என்று கேட்காமல் மனசில் ஏற்றுவது பள்ளிக்கூடம் பழக்கிவிடும் காரியம்.

ஜூடித் கியரின்ஸ் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. பரப்பிய பொருட்களை 30 விநாடி பார்க்கவைத்து, கலைத்து, இருந்தபடியே வைக்கச் சொன்னார். வெள்ளைப் பிள்ளைகள் பெயர்களை முணுமுணுத்தார்கள். பாலைநில ஆதிக்குடிப் பிள்ளைகள் பேசாமல் பார்த்தார்கள்; அவர்களே கூடுதலாகச் சரியாக வைத்தார்கள்.

இதை ‘ஆதிக்குடியின் இயற்கை ஞானம்’ என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதுவும் இனவாதத்தின் இன்னொரு முகம்தான். பிறப்பில் எதையும் தேட வேண்டாம். எந்த வாழ்க்கைக்குள் நினைவு பழகியதோ அதற்குள் வைத்துக் கேட்டால் வருகிறது.

வகைப்பாடே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அது ஒரு கருவி. பள்ளி மறுக்கப்பட்ட பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு. அந்தக் கருவியையே மூளையின் அளவுகோலாக்கும்போதுதான் அதிகாரம் உள்ளே நுழைகிறது. ஒரு பிள்ளையை ‘மக்கு’ என்று குறிக்குமுன் கேள்வியையும் கொஞ்சம் பரிசோதிக்கலாமே.